சைனஸ் கணுவும் வேகஸ் நரம்பும்: எச்.ஆர்.வி. எண் எங்கிருந்து வருகிறது?

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். இ.சி.ஜி. தாளில் அளந்து பார்த்தால் அப்படி இருக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 940 மில்லி விநாடி, பிறகு 1010, பிறகு 1065, மறுபடி 985 என்று ஏறி இறங்கிக்கொண்டே போகும். இது கோளாறு இல்லை. ஓய்வாகப் படுத்திருக்கும் ஓர் இளைஞரின் இதயம் அச்சுப் பிசகாமல் ஒரே இடைவெளியில் அடித்தால்தான் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

கைக்கடிகாரங்கள் இந்த ஏற்ற இறக்கத்தை எச்.ஆர்.வி. (இதயத் துடிப்பு மாறுபாடு) என்று ஒற்றை எண்ணாக்கி, பக்கத்தில் பச்சையோ சிவப்போ தீட்டி, ‘மன அழுத்தம்’ என்று பெயரும் வைத்துவிடுகின்றன. அந்த எண் மனத்தை அளப்பதில்லை. மூளையிலிருந்து வந்து இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு, துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவைத் துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது, எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. இதயத்துக்கு இரண்டு வகை நரம்புகள் வரும்போது அதில் ஏன் வேகஸ் மட்டும் தெரிகிறது என்பது புரிந்துவிட்டால், கடிகாரம் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதும் புரிந்துவிடும்.

ஓய்வே இல்லாத செல்கள்

சைனஸ் கணு வலது ஆரிக்கிளின் மேற்பகுதியில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. நீளம் 1 முதல் 2 சென்டிமீட்டர், அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டர். சுற்றியுள்ள தசையிலிருந்து அதை வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். 1907இல்தான் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் அதைப் பற்றி எழுதினார்கள். முதலில் தட்டுப்பட்டது ஓர் அகழெலியின் இதயச் சீவலில். கணுவின் நடுவே ஒரு சிறு தமனி ஓடுகிறது. பத்தில் சுமார் ஆறு பேருக்கு அது வலது கொரோனரித் தமனியின் கிளை. அந்தக் கொரோனரி அடைபட்டு வரும் மாரடைப்பில் துடிப்பு திடீரென மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரண இதயத் தசைச் செல் ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் மைனஸ் 85, 90 மில்லிவோல்ட்டுக்குத் திரும்பி, வெளியிலிருந்து தூண்டல் வரும்வரை அங்கேயே நிற்கும். கணுச் செல்லுக்கு அப்படி நிற்கும் இடம் கிடையாது. துடிப்பு முடிந்ததும் சுமார் மைனஸ் 60 வரை இறங்கும். இறங்கிய கணமே மெல்ல ஏறத் தொடங்கும். மைனஸ் 40ஐத் தாண்டியதும் எல் வகைக் கால்சியம் கால்வாய்கள் (செல் சவ்வில் அயனிகளை விடும் வாசல்கள்) திறந்து அடுத்த துடிப்பு பிறக்கும். இந்த மெல்லிய ஏற்றத்தின் சரிவுதான் இதயத்தின் வேகம். நரம்புகள் செய்வதெல்லாம் இந்தச் சரிவைச் செங்குத்தாக்குவது, படுக்கவைப்பது அல்லது ஏற்றம் தொடங்கும் இடத்தையே கீழே தள்ளுவது, அவ்வளவுதான்.

ஏற்றத்தை உண்டாக்குபவை இரண்டு. முதலாவது, சவ்வில் இருக்கும் எச்.சி.என்.4 என்ற கால்வாய். தூண்டலுக்குத் திறக்கும் கால்வாய்கள் பெரும்பாலும் செல்லின் உட்புறம் நேர்மின் பக்கம் நகரும்போது திறப்பவை. இது தலைகீழ்: செல் ஆழமான எதிர்மின் நிலைக்குப் போகும்போது திறந்து, சோடியத்தை உள்ளே கசியவிடும். துடிப்பு முடிந்து மின்னழுத்தம் கீழே போவதே இதற்குச் சாவி என்பதால், ஒவ்வொரு துடிப்பும் அடுத்ததற்கு அடிபோட்டுவிட்டுத்தான் முடிகிறது. ஹிலரி பிரவுன், டாரியோ டிஃப்ரான்செஸ்கோ முதலானோர் 1979இல் இந்த மின்னோட்டத்தைக் கணுவில் அளந்து காட்டினார்கள். இரண்டாவது, செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கிடங்கு. அது நேரம் வந்ததும் சிறு சிறு துளியாகக் கால்சியத்தைக் கசியவிடும். அந்தக் கால்சியம் அயனி ஒன்றை வெளியே தள்ள, பரிமாற்றப் புரதம் மூன்று சோடியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. கணக்கில் ஒரு நேர்மின்சுமை உள்ளே மிஞ்சுகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது. இரண்டில் எது தலைமை என்ற வாதம் உடலியல் ஆய்விதழ்களில் இன்னும் ஓயவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன என்பது போதுமான விடை என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு போட்டே ஆகவேண்டும். பின்னால் பல குழப்பங்களை இது தீர்க்கும். மைனஸ் 60இலிருந்து மைனஸ் 40க்கு ஏற வேண்டியது 20 மில்லிவோல்ட். விநாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் ஏறினால் 400 மில்லி விநாடி ஆகும். சரிவு 20 சதவீதம் குறைந்து 40 ஆனால் 500 ஆகும், வித்தியாசம் 100. இப்போது மெதுவான இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 25 என்ற சரிவில் 800 மில்லி விநாடி. அதே 20 சதவீதம் குறைந்து 20 ஆனால் 1000. வித்தியாசம் 200. நரம்பு செய்தது இரண்டிலும் ஒரே அளவு வேலை, இடைவெளியில் தெரிந்ததோ இரு மடங்கு. மெதுவாகத் துடிக்கும் இதயத்தில் எச்.ஆர்.வி. கூடுதலாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணிதம். எச்.சி.என். கால்வாயை மட்டும் அடைத்துத் துடிப்பைக் குறைக்கும் இவாப்ரடின் மாத்திரை நரம்புகளைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அதை எடுப்பவர்களுக்கு எச்.ஆர்.வி. கூடித் தெரியலாம்.

தனியே விட்டால் எவ்வளவு ஓடும்?

இரு வகை நரம்புகளின் பிடியையும் மருந்தால் அறுத்துவிட்டால் கணு தன் சொந்த வேகத்தில் ஓடும். வேகஸுக்கு அட்ரோபின், துடிப்பை வேகப்படுத்தும் பரிவு நரம்புக்குப் புரோப்ரனலால் கொடுத்து 1970 வாக்கில் இதை அளந்தார்கள். கிடைத்த சூத்திரம்: 118.1லிருந்து, வயதை 0.57ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும். 20 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 107. 60 வயதில் 84. வயது கூடக் கூடக் கணுவின் சொந்த வேகம் குறைந்துகொண்டே போகிறது.

ஆனால் 20 வயதுக்காரர் ஓய்வில் இருக்கும்போது 65 என்று துடிக்கிறது. அந்த 42 துடிப்பையும் பிடித்து வைத்திருப்பது வேகஸ். ஓய்வில் இருக்கும் இதயம் கடிவாளம் இறுக்கப்பட்ட குதிரை. எழுந்து நடந்ததும் முதலில் நடப்பது கடிவாளம் தளர்வதுதான், சாட்டை வருவது அதற்குப் பிறகு. துடிப்பு 100ஐ நெருங்கும்வரை ஏற்றத்தின் பெரும்பகுதி வேகஸ் விலகுவதாலேயே நடக்கிறது. அதற்கு மேல் 150, 180 என்று போவது பரிவு நரம்பின் வேலை.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இது மருந்து இல்லாமலே தெரியும். அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால் ஓய்வுத் துடிப்பு 90 முதல் 110 வரை நிற்கும்; இடைவெளிகள் கிட்டத்தட்ட ஒரே அளவு. மூச்சுக்கேற்ற மிகச் சிறு அசைவு மட்டும் மிஞ்சும்; மூச்சு இழுக்கும்போது ஆரிக்கிள் விரிந்து கணு இழுபடுவதால் வருவது அது. இவர்களுக்குத் துடிப்பு குறைந்துபோனால் அட்ரோபின் கொடுத்துப் பயன் இருக்காது. தடுப்பதற்கு அங்கே வேகஸே இல்லை. மாடிப்படி ஏறினால் துடிப்பு உடனே ஏறாது, இரத்தத்தில் அட்ரினலின் சுற்றி வந்த பிறகுதான் ஏறும். உட்கார்ந்த பின்னும் இறங்க நேரம் எடுக்கும். அறுவைக்குப் பிறகு சில ஆண்டுகளில் பரிவு நரம்பு இழைகள் ஓரளவு திரும்ப முளைப்பதும் உண்டு.

வேகமான நரம்பு, நிதானமான நரம்பு

வேகஸ் இழைகள் முகுளத்தில், பெரும்பாலும் நியூக்ளியஸ் ஆம்பிகுவஸ் என்ற செல் தொகுப்பிலிருந்து கிளம்புகின்றன. வலது வேகஸ் சைனஸ் கணுவையும் இடது வேகஸ், ஆரிக்கிளிலிருந்து வெண்ட்ரிக்கிளுக்குத் துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவையும் கூடுதலாகக் கவனிக்கின்றன, எல்லை அவ்வளவு கறார் இல்லை. இழையின் முனை அசிட்டைல்கோலினைச் சிந்துகிறது. ஒட்டோ லோவி 1921இல் வெளியிட்ட தவளை இதயச் சோதனை இதைத்தான் காட்டியது: வேகஸைத் தூண்டி மெதுவாக்கிய ஓர் இதயத்திலிருந்து எடுத்த திரவத்தை மற்றோர் இதயத்தில் விட்டால் அதுவும் மெதுவாகிறது. நரம்பு மின்சாரத்தால் நேரடியாகக் கட்டளை இடுவதில்லை, ஒரு வேதிப்பொருளைக் கொட்டுகிறது என்பதற்கு அது சாட்சி. 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசும் கிடைத்தது.

அசிட்டைல்கோலின் கணுச் செல்லின் எம்2 ஏற்பியில் போய் ஒட்டுகிறது. அந்த ஏற்பியோடு சேர்ந்திருக்கும் ஜி புரதத்தின் ஒரு துண்டு கழன்று, சவ்விலேயே பக்கத்தில் இருக்கும் பொட்டாசியம் கால்வாயைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் இன்னும் கீழே போகிறது, ஏற்றமும் படுத்துக்கொள்கிறது. இடையில் வேறு தரகர் யாரும் இல்லை. அரை விநாடிக்குள் வேலை தொடங்கிவிடும். பெரும்பாலும் அடுத்த துடிப்பே தள்ளிப்போகும். கணுவில் கோலினெஸ்டரேஸ் நொதி தாராளமாக இருப்பதால் சிந்திய அசிட்டைல்கோலினும் உடனுக்குடன் உடைபட்டுவிடும். பிடிப்பதும் வேகம், விடுவதும் வேகம்.

பரிவு நரம்பின் வழி வேறு. தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்தடியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் மாறி இதயத்துக்கு வருகிறது. சிந்துவது நார் அட்ரினலின். அது பீட்டா 1 ஏற்பியில் ஒட்டி, ஜி புரதத்தைக் கிளப்பி, அது ஒரு நொதியைத் தூண்டி, நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருளைத் தயாரித்து, அது செல்லுக்குள் சேர்ந்த பிறகுதான் எச்.சி.என்.4 கால்வாய் எளிதில் திறக்கிறது. கால்சியம் பக்கத்துக்கு இன்னும் ஒரு படி உண்டு: புரதக் கைனேஸ் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டவைக்க வேண்டும். தூண்டல் வந்து ஓரிரு விநாடிக்குப் பிறகுதான் எதுவும் தெரியத் தொடங்கும். உச்சத்துக்கு வர 20, 30 விநாடி ஆகும். தூண்டல் நின்ற பிறகும் நார் அட்ரினலின் நரம்பு முனைக்குள் திரும்ப உறிஞ்சப்பட்டு விளைவு தணிய அதே மாதிரி நேரம் பிடிக்கும்.

எச்.ஆர்.வி.யின் முழு விஷயமும் இந்த வேக வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுச் சுற்று 4 விநாடி. அந்த 4 விநாடிக்குள் கூடிக் குறையும் கட்டளையைப் பரிவு நரம்பால் இதயத்தில் காட்டவே முடியாது. அதன் வேதியியல் அசைவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். எல்லாம் கலந்து ஒரு சராசரியாகத்தான் கணுவுக்குப் போய்ச் சேரும். வேகஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு, மூச்சோடு வரும் ஏற்ற இறக்கம், இவை இரண்டையும் வேகஸின் கணக்கிலேயே எழுதலாம். முழு அளவு அட்ரோபின் கொடுத்தால் இவை அநேகமாக மறைந்துபோவது அதற்கு உறுதியான சான்று.

இரண்டு நரம்பும் தராசுத் தட்டு போல ஒன்று ஏற மற்றது இறங்கும் என்று பலரும் வரைந்து காட்டுவார்கள். அது சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கூடலாம், ஒரே நேரத்தில் குறையலாம். பரிவு நரம்பு உச்சத்தில் இருக்கும்போது வேகஸ் கொஞ்சம் தட்டினாலும் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கும். அசிட்டைல்கோலின் சைக்ளிக் ஏ.எம்.பி. உற்பத்தியைக் குறைப்பதோடு, பக்கத்து நரம்பு முனை நார் அட்ரினலினைச் சிந்துவதையும் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தூண்டினால் வேகஸ்தான் ஓங்கும்.

மூச்சும் இரத்த அழுத்தமும்

மூச்சு உள்ளே போகும்போது துடிப்பு வேகமாகும். வெளியே வரும்போது மெதுவாகும். கார்ல் லுட்விக் 1847இல் சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியைக் கொண்டு இதைப் பதிவு செய்தார். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சு இழுத்துவிட்டால், இளம் வயதினர் பலருக்குக் கருவி இல்லாமலே தெரியும். சைனஸ் அரித்மியா என்று இ.சி.ஜி. அறிக்கையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் நிறைய. பெரும்பாலும் இதுதான் அது.

காரணம் முகுளத்திலேயே தொடங்குகிறது. மூச்சு இழுக்கும் கட்டளையைத் தரும் நரம்புச் செல்கள், அதே வேளையில் இதய வேகஸ் செல்களை அடக்கிவைக்கின்றன. மூச்சு விடும்போது அந்த அடக்குமுறை நீங்கி வேகஸ் பாய்கிறது. நுரையீரல் விரிவதை உணரும் ஏற்பிகளும் அதே திசையில் துணைபோகின்றன. மூன்றாவது பங்கு இரத்த அழுத்தத்தின் வழியாக வருகிறது: மூச்சு இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இடது வெண்ட்ரிக்கிள் தள்ளும் இரத்தம் சில துடிப்புகளுக்குச் சற்றுக் குறைகிறது.

அந்த அழுத்தத்தைக் கண்காணிப்பவை கழுத்தில் கரோடிட் தமனி பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள இழுவிசை ஏற்பிகள். தமனிச் சுவர் விரிந்தால் அவை முகுளத்துக்குச் சேதி அனுப்பும். வேகஸ் இறுக்கும், பரிவு நரம்பு தளரும். விரிவு குறைந்தால் நேர்மாறு. இந்த வளையத்தில் வேகஸ் கை உடனே வேலை செய்கிறது. இரத்தக்குழாயை இறுக்கும் பரிவுக் கை சில விநாடி தாமதமாகச் செய்கிறது. தாமதமாகத் திருத்தும் எந்த வளையமும் அலைபாயும். இங்கே அலையின் நீளம் சுமார் 10 விநாடி, அதாவது 0.1 ஹெர்ட்ஸ்.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற பயிற்சியில் எச்.ஆர்.வி. வரைபடம் திடீரென மலைபோல் எழுவது இதனால்தான். ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 10 விநாடி. மூச்சின் அலையும் அழுத்தத்தின் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஆளுக்கு ஆள் இந்தப் புள்ளி 4.5 முதல் 6.5 மூச்சு வரை மாறும். பயிற்சி நேரத்தில் எண் இரட்டிப்பானதை வைத்து வேகஸ் பலப்பட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த நேரத்தில் நடந்தது ஒத்ததிர்வு. மறுநாள் காலை வழக்கமான மூச்சில் எண் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது

அதிகம் புழங்குவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆறு இடைவெளிகள்: 812, 840, 876, 858, 820, 794. வித்தியாசங்கள் 28, 36, −18, −38, −26. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4524; ஐந்தால் வகுத்தால் 904.8, வர்க்கமூலம் சுமார் 30 மில்லி விநாடி.

இதில் ஒரே ஒரு முந்திய துடிப்பு நுழைந்தால் என்ன ஆகும்? நடுவில் உள்ள 876, 858 என்ற இரண்டும் 520, 1214 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். முந்தி வந்த துடிப்பும் அதற்குப் பிந்தைய நீண்ட நிறுத்தமும். வித்தியாசங்கள் 28, −320, 694, −394, −26. விடை 385. ஆறு இடைவெளியில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் 350 துடிப்பு இருந்து, உண்மை மதிப்பு 30 என்றாலும் இந்த ஒற்றைத் துடிப்பு அதை 55 ஆக்கிவிடும். வர்க்கமாக்குவதன் விளைவு இது. கணுவில் பிறக்காத துடிப்புகளை நீக்காமல் போட்ட எச்.ஆர்.வி.யைப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். நல்ல செயலிகள் முந்தைய இடைவெளிகளிலிருந்து 20 அல்லது 25 சதவீதத்துக்கு மேல் விலகுவதைத் தாமே தள்ளிவிடும். எத்தனை தள்ளப்பட்டன என்றும் காட்டும். அந்த எண்ணிக்கை ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் அன்றைய பதிவை விட்டுவிடலாம்.

எஸ்.டி.என்.என். என்பது எல்லா இடைவெளிகளின் திட்ட விலக்கம். பதிவு நீள நீள இது கூடும், காரணம் தூக்கம், நடை, சாப்பாடு எல்லாம் உள்ளே வந்துவிடும். ஐந்து நிமிட மதிப்பை 24 மணி நேர மதிப்போடு ஒப்பிடுவது அர்த்தமற்றது. 1987இல் ராபர்ட் கிளைகர் குழுவினர் மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரிடம் 24 மணி நேரப் பதிவில் கண்டது: எஸ்.டி.என்.என். 50க்குக் கீழ் இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு. இந்த 50, 100 என்ற எல்லைகளை எடுத்துக் கடிகாரத்தின் ஒரு நிமிடப் பதிவுக்குப் பொருத்தித் தூக்கம் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். பொருந்தாது. ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்.டி.என்.என்.; ஔரா மோதிரம், வூப் பட்டை காட்டுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிடும் முன் எது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில செயலிகள் இயல் மடக்கை எடுத்து 20ஆல் பெருக்கியும் காட்டும். அதில் 30 என்பது 68 ஆகத் தெரியும்.

அடுத்தது அலைவரிசைப் பிரிப்பு, அதாவது ஏற்ற இறக்கத்தை அது எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதை வைத்துப் பிரிப்பது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க நிபுணர் குழு வகுத்த எல்லைகள்: 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை உயர் அலை, 0.04 முதல் 0.15 வரை தாழ் அலை. உயர் அலை மூச்சோடு வரும் வேகஸ். இதில் சண்டை இல்லை. தாழ் அலையைப் பரிவு நரம்பு என்று எழுதி, இரண்டையும் வகுத்து ‘நரம்புச் சமநிலை’ என்று ஒரு விகிதம் காட்டுவதுதான் தொல்லை. அந்த விகிதத்தை நான் பார்ப்பதே இல்லை. இதயச் செயலிழப்பில் பரிவு நரம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தாழ் அலையோ ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். கடும் உடற்பயிற்சியிலும் அப்படியே. மறுபக்கம், அட்ரோபின் கொடுத்தால் தாழ் அலையிலும் பெரும்பகுதி விழுந்துவிடும். இன்னும் எளிய குறை ஒன்று: நிமிடத்துக்கு ஒன்பதுக்குக் குறைவாக மூச்சு விடுபவரின் மூச்சு அலையே 0.15க்குக் கீழே இறங்கித் தாழ் அலைக்குள் விழும். அமைதியாகக் கண்மூடி மெதுவாக மூச்சு விடுபவரைப் பார்த்துக் கருவி ‘பரிவு நரம்பு எகிறுகிறது’ என்று சொல்லும்.

அளக்கும்போது

மார்புப் பட்டை இதயத்தின் மின்சாரத்தை நேரடியாக எடுக்கும். மணிக்கட்டுக் கருவி தோலடி இரத்த ஓட்டத்தை ஒளியால் பார்க்கிறது. துடிப்பு இதயத்திலிருந்து மணிக்கட்டுக்கு வர ஆகும் நேரமும் அழுத்தத்துக்கேற்ப மாறுவதால், ஒளி முறையில் அந்த அசைவும் சேர்ந்துகொள்ளும். கை அசைந்தால் கெடும். விரல் சில்லிட்டிருந்தாலும் கெடும். மாதிரி எடுக்கும் வேகமும் முக்கியம். விநாடிக்கு 250 முறை என்றால் துல்லியம் 4 மில்லி விநாடி. 25 முறை என்றால் 40 மில்லி விநாடி, இடைக்கணிப்பு செய்துதான் ஒப்பேற்ற வேண்டும். உண்மை மதிப்பு 60 உள்ளவருக்கு இது பெரிதில்லை. 8 உள்ளவருக்கு இரைச்சலே எண்ணை உண்டாக்கிவிடும்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன், தினமும் ஒரே நிலையில் அளக்க வேண்டும். படுத்தே அளப்பவர் படுத்தே அளக்கட்டும், உட்கார்ந்து அளப்பவர் உட்கார்ந்தே. முதல் ஒரு நிமிடத்தைப் பதிவில் சேர்க்காமல் விட்டு, பிறகு ஐந்து நிமிடம். ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. மட்டும் போதும் என்றால் ஒரு நிமிடப் பதிவிலும் ஓரளவு நம்பத்தக்க எண் கிடைக்கும். பேசக் கூடாது, எச்சில் விழுங்குவதைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். விழுங்கும்போது துடிப்பு சில விநாடி ஏறும். மூச்சை வலிந்து மெதுவாக்க வேண்டாம். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். முந்தைய இரவு மது, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் உடற்பயிற்சி ஆகியவை எண்ணை இறக்கும். வயதும் இறக்கும், அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவதில் பயன் மிகக் குறைவு. ஒரே வயதில் ஒருவருக்கு 25, இன்னொருவருக்கு 90 என்று இருவரும் நலமாக இருப்பார்கள்.

நீண்ட தூர ஓட்டக்காரர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஓய்வுத் துடிப்பு 40ஐ நெருங்கும்போது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. சிலருக்குக் கூடுவதற்குப் பதில் குறையும். வேகஸ் மூச்சு இழுக்கும்போதும் விடாமல் பிடித்தே இருப்பதால் ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது. இது வேகஸ் குறைவு இல்லை. ஓட்டக்காரர்களின் மெதுவான துடிப்புக்கு வேகஸ் மட்டும் காரணம் என்பதும் இப்போது முழுதாக நிற்கவில்லை. பயிற்சி கொடுத்த எலிகளின் கணுவில் எச்.சி.என்.4 கால்வாய்களே எண்ணிக்கையில் குறைந்திருப்பதை 2014இல் காட்டியிருக்கிறார்கள்.

நரம்பு கெட்டால் தெரிவது எப்படி

நீரிழிவு பல ஆண்டு நீடித்தால் நீளமான நரம்பிழைகள் முதலில் அடிபடும். வேகஸ் மிக நீளமானது. இதற்கு மருத்துவர்கள் செய்யும் சோதனைகள் எளியவை. முதலாவது ஆழ்மூச்சு: 5 விநாடி இழுத்து, 5 விநாடி விட்டு, ஒரு நிமிடத்தில் ஆறு மூச்சு. ஒவ்வொரு மூச்சிலும் அதிகபட்சத் துடிப்பு வேகத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, ஆறுக்கும் சராசரி எடுக்க வேண்டும். 15ம் அதற்கு மேலும் இயல்பு, 11 முதல் 14 எல்லைக்கோடு, 10ம் அதற்குக் கீழும் கோளாறு. முதியவர்களுக்கு இந்த எல்லைகள் கொஞ்சம் கறாரானவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, படுத்திருந்து எழுந்து நிற்பது. நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கீழே இறங்குகிறது, அழுத்தம் விழுகிறது, வேகஸ் உடனே விலகி, 15ஆவது துடிப்பு வாக்கில் வேகம் உச்சத்தில் இருக்கும். அதற்குள் இரத்தக்குழாய்கள் இறுகி அழுத்தம் மீள, வேகஸ் திரும்பி, 30ஆவது துடிப்பு வாக்கில் மெதுவாகும். அங்கே உள்ள மிக நீண்ட இடைவெளியை, முன்னதில் உள்ள மிகக் குறுகிய இடைவெளியால் வகுத்தால் 1.04 அல்லது மேல் வர வேண்டும். 1.00 அல்லது கீழே என்றால் வேகஸ் போவதும் இல்லை, வருவதும் இல்லை என்று பொருள். இத்தகையவர்களுக்கு மாரடைப்பு வலியே தெரியாமல் வரக்கூடும் என்பதால் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

மருந்துகளும் எண்ணை மாற்றும். பீட்டா தடுப்பான்கள் துடிப்பை மெதுவாக்கி எச்.ஆர்.வி.யைக் கூட்டுவதுண்டு. அமிட்ரிப்டிலின் போன்ற அசிட்டைல்கோலினைத் தடுக்கும் குணமுள்ள மாத்திரைகள் நன்றாகவே குறைக்கும். அட்ரோபினைப் போதிய அளவுக்குக் குறைவாகக் கொடுத்தால் துடிப்பு ஏறாமல் இறங்குவது பழகியவர்களுக்குத் தெரிந்த வேடிக்கை. அரை மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொடுக்க வேண்டாம் என்று அவசர சிகிச்சை விதிகள் சொல்வது அதனால்.

எண் கூடினால் நல்லது என்ற பொது நம்பிக்கை மோசமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அங்கே துடிப்பைக் கணு நடத்துவதே இல்லை. ஆரிக்கிளின் ஒழுங்கற்ற அலைகளில் எது ஏ.வி. கணுவைத் தாண்டுகிறதோ அது துடிப்பு. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 100, 200 என்று பளபளப்பாக நிற்கும். மற்றொன்று, வயதில் கணு நாரேறிப்போவது. இதிலும் எண் உயரலாம், ஆனால் வடிவம் வேறு. வேகஸ் உண்டாக்கும் மாற்றத்தில் இடைவெளிகள் சில துடிப்புக்குத் தொடர்ந்து நீண்டு, சில துடிப்புக்குத் தொடர்ந்து குறையும். வரைபடத்தில் மூச்சின் அலை தெரியும். கணுவே தடுமாறும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் திசை மாறி, ரம்பப் பல் போல் மேலும் கீழும் போகும், மூச்சோடு எந்தத் தொடர்பும் இருக்காது. முதியவர் ஒருவருக்கு எண் திடீரென உயர்ந்து, கூடவே தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம், அல்லது மூன்று விநாடிக்கு மேல் துடிப்பு நின்ற பதிவு இருந்தால் செயலியின் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 12 லீட் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதில் அகப்படாவிட்டால் உடலில் மாட்டிக்கொள்ளும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு, அதிலும் அகப்படாவிட்டால் இன்னும் நீண்ட பதிவு.